விறைத்த விரலுக்கும் திறக்கும் குழாய்

உதகைப் பக்கத்தில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலையில் எழுந்து குழாயடிக்குப் போகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் அந்த நேரத்தில், இருபது வயது இளைஞனின் விரல்கூட ஒழுங்காக மடங்காது. ஸ்வெட்டர் பொத்தான் துளைக்குள் போகாது, தீக்குச்சி கையில் நிற்காது, குழாயின் திருகு ஐந்தாறு முறை வழுக்கிய பிறகுதான் அசையும். வெயில் ஏறியதும் இளைஞனுக்கு விரல்கள் திரும்பிவிடுகின்றன. முடக்குவாதம் உள்ளவருக்கும், பக்கவாதத்திலிருந்து மீண்டவருக்கும், நாற்பது ஆண்டுகள் தேயிலைக் கொழுந்து கிள்ளிய கைக்கும் நாள் முழுவதும் அந்த விடியற்காலைதான். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருள்களை அப்படிப்பட்ட கைகளும் ஆளும்படி, பெரிய செலவின்றி, உள்ளூர்க் கடையில் கிடைக்கும் சாமான்களைக் கொண்டு எப்படித் திருத்துவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு 'அனைவருக்குமான வடிவமைப்பு' என்று பெயர். அப்பெயரைப் பரவலாக்கியவர் ரொனால்டு மேஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். ஒன்பது வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியதால் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர் அவர். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவரும் உடன் பணியாற்றியவர்களும் சேர்ந்து 1997-இல் ஏழு கொள்கைகளை வகுத்தார்கள். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இந்த வடிவமைப்புக்கு ஒரு வரையறை தருகிறது. கொள்கைகள் ஏழாக இருந்தாலும், வீட்டளவில் பார்த்தால் முதலாவதுதான் எல்லாவற்றுக்கும் அடி: ஒருவருக்கென்று ஒதுக்கிய தனிப் பொருளாக இல்லாமல், எல்லோரும் எடுத்துப் புழங்கும் ஒரே பொருளாக இருக்க வேண்டும். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிட அம்மாவிடம் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டதே அதிகம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

திருத்தும் முன்

கருவிகளை எடுப்பதற்கு முன் ஒரு நாள் முழுவதும் சும்மா உட்கார்ந்து கவனியுங்கள். யாராவது ஒரு பொருளைப் பயன்படுத்துவதற்கு இன்னொரு பொருளைத் துணைக்கு அழைத்தால், அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். என் அம்மா குழாயைத் திறக்க முந்தானையைத் திருகின்மேல் சுற்றிக்கொள்வார். ஊறுகாய்ப் பாட்டில் மூடியைக் கதவிடுக்கில் கொடுத்துத் திருகுவார். தாழ்ப்பாளைத் தள்ள உலக்கையின் நுனியை வைத்திருந்தார். இவற்றை நாங்கள் எல்லோரும் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறோம், 'அது அம்மாவின் பழக்கம்' என்று விட்டுவிட்டோம். பழக்கம் போலத் தெரிந்த ஒவ்வொன்றும் அந்தப் பொருளைப் பற்றிய புகார்தான்.

பிறகு சோதனை. கையை முஷ்டியாக மூடிக்கொண்டு அந்தப் பொருளை இயக்கிப் பாருங்கள். கம்பளிக் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டும், ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டும், நாற்காலியில் உட்கார்ந்தபடியும், கண்ணை மூடிக்கொண்டும் பாருங்கள். கதவுப்பிடி, அலமாரி இழுப்பறை போன்றவற்றில், மூட்டை எடை பார்க்கும் சிறிய தொங்கு தராசைக் கொக்கியால் மாட்டி இழுத்தால், எத்தனை கிலோ விசை தேவைப்படுகிறது என்று தெரிந்துவிடும். கையால் இயக்கும் பாகங்களுக்கு அமெரிக்க விதி வைத்திருக்கும் உச்ச வரம்பு 5 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2.3 கிலோ, அதோடு, இறுகப் பிடிக்காமலும் கிள்ளாமலும் மணிக்கட்டைத் திருகாமலும் ஒரே கையால் இயக்கும்படி இருக்க வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது. எங்கள் வீட்டு இழுப்பறை ஒன்று, மழைக்காலத்தில் ஆறு கிலோ கேட்டது.

கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடந்துவிட்டுப் பார்வையற்றவரின் அனுபவம் தெரிந்துவிட்டதாக நினைப்பதும் தவறு. சோதனை பொருளின் குறையைக் காட்டும். அதோடு வாழ்கிறவரின் சாமர்த்தியத்தைக் காட்டாது. எனவே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதைக் கேட்டே தெரிந்துகொள்ளுங்கள்.

குழாய்

பழைய பித்தளைத் திருகுக் குழாயின் தலை ஏறத்தாழ 4 செ.மீ. அகலம் இருக்கும், மையத்திலிருந்து விரல் பிடிக்கும் இடம்வரை 2 செ.மீ.தான். அதே குழாயில் 10 செ.மீ. நீளமுள்ள பிடி இருந்தால், ஐந்தில் ஒரு பங்கு விசை போதும். நெம்புகோல் கணக்கு அவ்வளவுதான்; அதற்காகத்தான் கால் சுற்றில் திறக்கும், நீண்ட பிடியுள்ள குழாய்களைப் பரிந்துரைக்கிறேன். பிளம்பருக்கு அரை மணி நேர வேலை. ஆனால் புதிய குழாய் வாங்கும் முன் பழைய குழாயின் வாஷரை மாற்றிப் பாருங்கள். வாஷர் தேய்ந்த குழாய் சொட்டும். சொட்டுகிறதே என்று வீட்டில் பலசாலியாக இருப்பவர் இறுக்கி மூடுவார். அடுத்து வருகிறவரால் திறக்க முடியாது. எங்கள் வீட்டில் அந்தப் பலசாலி நான்.

நீண்ட பிடி வைக்கும்போது, அது முழுதாகத் திரும்பும்போது சுவரிலோ வாளியின் விளிம்பிலோ இடிக்காதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உலோகப் பிடி பனிக்காலத்தில் கையைக் கடிக்கும். அதன்மேல் ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகிவிடலாம்.

முதலில் நான் அம்மாவுக்கென்று தனியாக ஒரு குழாய் வைத்தேன், பின்கட்டில். அம்மா அந்தப் பக்கமே போகவில்லை. கேட்டதற்கு, "எனக்கு மட்டும் தனிக் குழாய் எதுக்குப்பா? நான் என்ன தீட்டா, நோயாளியா?" என்றார். அடுத்த வாரம் அதைக் கழற்றி, எல்லோரும் புழங்கும் முன்குழாயில் மாட்டினேன். அதற்குப் பிறகு முந்தானை குழாயடிக்குப் போகவில்லை. ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: எளிதாகத் திறக்கும் குழாயை மூன்று வயதுக் குழந்தையும் எளிதாகத் திறக்கிறது. கோடையில் தண்ணீர் முறை வைத்து வரும் ஊரில் இது சிறிய விஷயம் இல்லை. ஆகையால் தொட்டியிலிருந்து வரும் வழியில் மூடு வால்வு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

கைப்பிடியைப் பருமனாக்குதல்

1990-இல் அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்ற தொழிலதிபர் பருத்த, மென்மையான ரப்பர் பிடி வைத்த சமையற்கருவிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மூட்டுவாதம் இருந்த அவர் மனைவி பெட்சி, மெல்லிய உலோகப் பிடியுள்ள தோல் சீவியோடு பட்ட பாடுதான் அதற்குத் தூண்டுதல். நோயாளிகளுக்கான கருவி என்று விளம்பரப்படுத்தாமல், எல்லோருக்குமான நல்ல சீவியாகவே அதை விற்றார்கள். கேரட் விளையும் இந்த மலையில், ஒரு வீட்டு விசேஷத்துக்கு ஐந்து கிலோ கேரட் சீவியவர்களுக்கு அந்தச் சீவியின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பிடியை நாமே செய்துகொள்ளலாம். முழுதாக மூட முடியாத கைக்கு 3 முதல் 4 செ.மீ. பருமன் வசதியாக இருக்கும். மிக எளிய வழி, பழைய சைக்கிள் டியூப். அதைச் சோப்பு போட்டுக் கழுவி, உள்ளிருக்கும் வெள்ளைப் பொடி போகும்வரை தேய்த்துக் காயவைத்து, இரண்டரை செ.மீ. அகலப் பட்டையாக வெட்டுங்கள். பிடியின் அடியிலிருந்து தொடங்கி, பட்டையை இழுத்துப் பிடித்தபடி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி சுற்றிக்கொண்டே போய், கடைசி முனையை முந்தைய சுற்றுக்கு அடியில் செருகி இழுத்தால் பசையே வேண்டாம். போதிய பருமன் வரவில்லையென்றால், முதலில் துணியைச் சுற்றி அதன்மேல் டியூப்பைச் சுற்றலாம். ஆனால் துணி நனைந்தால் நாறும். இந்த ஈரக் காற்றில் அது காயாது. கரண்டி, தேக்கரண்டி போன்றவற்றுக்கு சைக்கிள் கடையில் விற்கும் ஹேண்டில் உறையே பொருந்திவிடும்.

இரண்டாவது வழி, பிசைந்து அப்பினால் கல்லாக இறுகும் எம்-சீல். இரண்டு களிம்புகளையும் சம அளவில் பிசைந்து பிடியின்மேல் அப்பி, இறுகும் முன் ஒரு நெகிழித் தாளைச் சுற்றி, பயன்படுத்தப்போகிறவரை அழுத்திப் பிடிக்கச் சொன்னால் அவருடைய விரல் தடம் அப்படியே பதிந்துவிடும். மறுநாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொள்ளலாம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது அவருடைய அந்த ஒரு கைக்கு மட்டுமே பொருந்தும். இடக்கைக்காரர் எடுத்தால் தடங்கள் குத்தும். அவருக்கே அடுத்த ஆண்டு விரல் வேறு விதமாக வளைந்தாலும் குத்தும். பொதுப் பொருளுக்குத் தடம் இல்லாத நீள்வட்டப் பிடியே மேல். கைவலி உள்ளவருக்குக் கனமான பிடி கூடாது; நடுக்கம் உள்ளவருக்கு மாறாக, சற்றுக் கனம் இருந்தால் கை நிதானப்படுவதுண்டு. உணவு படும் பகுதியில் எம்-சீலும், அடுப்பின் அனல் படும் பகுதியில் டியூப்பும் எக்காரணம் கொண்டும் வரக்கூடாது.

ஒரு கை மட்டும் இயங்குபவருக்குப் பிடியைப் பருமனாக்குவதால் பயன் பாதிதான்; கேரட்டை யார் பிடித்துக்கொள்வது? அதற்கு ஆணிப் பலகை. 30 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள பலகையில், அடியிலிருந்து மேல்நோக்கி இரண்டு துருப்பிடிக்காத எஃகு ஆணிகளை 2 செ.மீ. இடைவெளியில் அடித்து, 3 செ.மீ. நீட்டி நிற்கும்படி விட்டால், கேரட்டையோ உருளைக்கிழங்கையோ அவற்றில் குத்தி நிறுத்தி ஒரே கையால் சீவலாம், நறுக்கலாம். பலகையின் ஒரு மூலையில் இரண்டு சட்டங்களை ஒட்டினால், ரொட்டியை அதில் முட்டவைத்து வெண்ணெய் தடவலாம். அடியில் நான்கு டியூப் துண்டுகளை ஒட்டினால் பலகை நகராது. வேலை முடிந்ததும் ஆணி முனைகளில் தக்கையைச் செருகி வையுங்கள்.

குக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேகக் குக்கர் இல்லாமல் முடியாது. ஆனால் குக்கரின் பிடியையோ வால்வையோ வெயிட்டையோ நாமாக மாற்றுவது ஆபத்து. மூடியைத் திருகும்போது அடிப்பாத்திரம் சேர்ந்து சுற்றுவதுதான் ஒற்றைக் கைக்காரரின் தொல்லை. மேடையில் ஒரு கனமான பலகையை வைத்து, குக்கரின் கீழ்ப்பிடி பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும்படி அதில் ஒரு கட்டை அடித்துவிட்டால் போதும். குக்கரைத் தொடாமல் குக்கரின் சிக்கல் தீர்கிறது.

படி

மலை வீடு என்றால் படிதான். சாய்தளம் கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம், அதாவது 1-க்கு 12 என்ற சரிவு விதிப்படி, 15 செ.மீ. உயரமுள்ள ஒரு படிக்கு 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். மூன்று படிக்கு 5.4 மீட்டர். நான் அடிக்கடி போக நேரும் ஓர் அலுவலகத்தில், மூன்று படி உயரத்தை ஒன்றரை மீட்டருக்குள் அடக்கி ஒரு சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவரை இரண்டு பேர் தள்ளினாலும் ஏறாது, மழையில் நடந்து வருகிறவர் வழுக்குகிறார், மற்ற நேரத்தில் அதன்மேல் இருசக்கர வாகனங்கள் நிற்கின்றன. இடம் இல்லையென்றால் தவறான சாய்தளத்தைவிட நல்ல படியே மேல்.

நல்ல படிக்கு முதல் தேவை இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி. ஒரு பக்கம் போதாதா என்று கொத்தனார் கேட்பார். பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவருக்கு, ஏறும்போது நல்ல கையின் பக்கம் இருக்கும் கம்பி, இறங்கும்போது கெட்ட கையின் பக்கம் வந்துவிடும் என்று அவரிடம் நடித்துக் காட்டுங்கள், உடனே புரிந்துகொள்வார். கம்பி தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், குழந்தைகளுக்கும் குள்ளமானவர்களுக்கும் 76 செ.மீ. உயரத்தில் இன்னொன்று. சுவருக்கும் கம்பிக்கும் இடையில் 5 செ.மீ. விடவேண்டும். கடைசிப் படியோடு கம்பியை முடித்துவிடாமல் மேலும் 30 செ.மீ. நீட்டுங்கள், ஏனென்றால் தடுமாற்றம் வருவது கடைசிப் படியில்தான். கம்பியின் பருமன் 4 செ.மீ. அளவில் இருந்தால் கைக்குள் நன்றாக அமரும். ஒரு அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் வெளிவிட்டம் ஏறத்தாழ 3.4 செ.மீ.; தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் தடித்த ஹோஸை நீளவாக்கில் கீறி அதன்மேல் மாட்டினால் பருமனும் சரியாகும், உறைபனிக் காலையில் இரும்பு கையைக் கடிப்பதும் நிற்கும். கீறல் அடிப்பக்கம் வரும்படி மாட்டுங்கள், தண்ணீர் தேங்காது.

படியின் விளிம்பு தெரியவேண்டும். மூடுபனி இறங்கினால் சாம்பல் நிறச் சிமெண்டுப் படிகள் எல்லாம் ஒரே சரிவாகத் தெரியும். பார்வை மங்கியவருக்கு வெயிலிலும் அப்படித்தான். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் 5 செ.மீ. அகலத்துக்கு மஞ்சள் வண்ணம் அடியுங்கள், சற்று மணல் கலந்து. படி முழுவதும் அடித்துவிட்டால் விளிம்பு மறுபடியும் மறைந்துவிடும். பாசி பிடிப்பதைத் தடுக்க முடியாது, மழைக்கு முன்னும் பின்னும் தேய்த்துக் கழுவத்தான் வேண்டும். படி மிக உயரமாக இருந்தால் நடுவில் அரைப்படி வைக்கலாம். ஆனால் அதன் ஆழம், வாக்கரின் நான்கு காலும் அதன்மேல் நிற்கும் அளவுக்கு இருக்க வேண்டும். குறுகிய அரைப்படி கால் இடறும் கல்தான்.

கதவும் தாழ்ப்பாளும்

மழையில் மரக்கதவு உப்புவதும் தாழ்ப்பாள் துளையோடு பொருந்தாமல் போவதும் எல்லா வீட்டிலும் உண்டு. ஆசாரியைக் கூப்பிட்டு உடனே இழைக்கச் சொல்லாதீர்கள். ஈரத்தில் இழைத்த கதவில் கோடையில் விரல் நுழையும் இடைவெளி விழுந்து, குளிர்காற்று அதன் வழியே வரும். உரசும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து, அங்கே மெழுகுவர்த்தியைத் தேய்த்து மழைக்காலத்தைக் கடத்திவிட்டு, காய்ந்த பிறகு குறித்த இடத்தில் மட்டும் கொஞ்சம் இழைத்து, இழைத்த விளிம்புக்கு வார்னிஷ் அடியுங்கள். தாழ்ப்பாள் நுழையும் துளையை இரண்டு மில்லிமீட்டர் பெரிதாக்கினாலே பாதித் தொல்லை தீரும். தாழ்ப்பாளின் சிறிய குமிழில் 8 செ.மீ. மரக்குச்சி ஒன்றைப் பொருத்தினால் உள்ளங்கையால் தள்ளலாம். தலைக்கு மேலே இருக்கும் தாழ்ப்பாளைத் தரையிலிருந்து 90 முதல் 100 செ.மீ. உயரத்துக்கு இறக்குங்கள், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் எட்டும். உருண்டைக் குமிழ்ப் பிடிக்குப் பதில் நீட்டுப்பிடி வைத்தால், இரு கையிலும் விறகோடு வருகிறவர் முழங்கையால் திறக்கலாம்.

கண்ணுக்குப் பதில் கை, காதுக்குப் பதில் கண்

நூறு ரூபாய்த் தாளின் இரு ஓரங்களிலும் நான்கு சாய்கோடுகளும், ஐந்நூறு ரூபாய்த் தாளில் ஐந்து சாய்கோடுகளும் மேடாக அச்சிடப்பட்டிருப்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். வீட்டிலும் அதே உத்திதான். சர்க்கரை டப்பாவுக்கு ஒரு ரப்பர் வளையம், உப்புக்கு இரண்டு. மின்சாரம் போன இரவில் பார்வையுள்ளவருக்கும் அது வழிகாட்டும். அடுப்புத் திருகில் 'மூடிய' நிலையைக் காட்ட எம்-சீலால் ஒரு சிறு புள்ளி வையுங்கள். பார்வை மங்கியவருக்குச் சோற்றை வெள்ளைத் தட்டிலோ பளபளக்கும் எவர்சில்வர் தட்டிலோ போடாமல் கரும்பச்சைத் தட்டில் போடுங்கள். பால் சேர்க்காத கட்டஞ்சாயாவை வெள்ளைக் கோப்பையில் ஊற்றுங்கள். காது கேளாதவர் வீட்டில் அழைப்பு மணியோடு ஒரு விளக்கும் எரியும்படி எலக்ட்ரீஷியன் இணைத்துத் தருவார். ஜெர்கின் ஜிப்பின் நாக்கில் ஒரு சாவி வளையத்தை மாட்டுவது இந்தத் தலைப்பில் அடங்காதுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பத்து ரூபாய்ச் செலவில் இத்தனை பேர் நன்றி சொன்ன திருத்தம் வேறொன்றும் எனக்கு வாய்க்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து

திருத்திய பொருளைக் கொடுத்துவிட்டு, 'எப்படி இருக்கிறது' என்று அன்றே கேட்காதீர்கள். உங்கள் மனம் நோகக்கூடாது என்று 'நன்றாக இருக்கிறது' என்பார்கள். இரண்டு வாரம் விட்டுப் பொருள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கைக்கு எட்டும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் வேலை செய்கிறது. பரணில் இருந்தால் கழற்றிவிட்டு வேறு வழி பார்க்க வேண்டும். நான் டியூப் சுற்றிக் கொடுத்த சாம்பார்க் கரண்டி பத்தாம் நாள் பரணுக்குப் போனது. அம்மாவிடம் கேட்டேன். "பிடிக்கச் சுகமாத்தான் இருக்கு. சாம்பார்ல ரப்பர் வாசம் வருதே" என்றார். டியூப்பைக் கழற்றி, தைலமரக் கிளை ஒன்றில் துளையிட்டு, கரண்டிக் காம்பைச் செருகிக் கொடுத்திருக்கிறேன். இந்த மழை முடிந்ததும் மரம் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.